குட்டையும் ஒரு கிணறுதான்: கொலராடோவில் ஒரு தண்ணிக் கணக்கு

போன எபிசோட் முடிவுல ஒருத்தர் கேட்டிருந்தாங்க: “நீங்க வாட்டர் அக்கவுண்டன்ட்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன, தண்ணிக்கு ஜிஎஸ்டி போடுவீங்களா?” சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா அது அவ்வளவு தப்பான கேள்வியும் இல்லை. நான் செய்யுறது வரவு செலவுக் கணக்குதான். பணத்துக்குப் பதிலா தண்ணி.

நான் இருக்கறது அமெரிக்காவுல கொலராடோ மாநிலம். டென்வர்லேர்ந்து வடக்கே போனா சவுத் பிளாட் ஆறு ஓடும். பேருதான் ஆறு. நம்ம கொள்ளிடம் மாதிரி அகலமா மனசுல போட்டுக்காதீங்க. பல இடத்துல முட்டி அளவு தண்ணிதான். அந்த ஆத்தோட ரெண்டு பக்கமும், லட்சக்கணக்கான வருஷமா ராக்கி மலையிலேர்ந்து அடிச்சுட்டு வந்த மணலும் கூழாங்கல்லும் படிஞ்சு கிடக்கு. டென்வர்ல எழும்புற ஒவ்வொரு அபார்ட்மென்ட்டுக்கும், ஒவ்வொரு ஹைவேக்கும் வேண்டிய கான்கிரீட் இந்த மாதிரி இடத்துலேர்ந்துதான் வருது. இதை கிராவல்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல கிராவல்னா செம்மண் கலந்த சரளை. இங்க ஆத்து மணலும் உருண்டைக் கல்லும் கலந்தது.

ஆத்துக்குப் பக்கத்துல தோண்டினா என்ன ஆகும்? பத்து, பன்னிரண்டு அடி போனதும் தண்ணி வந்துடும். தோண்டத் தோண்ட அது ஒரு குட்டையாகும். ஒரு பக்கம் மெஷின் கிராவலை அள்ளும், இன்னொரு பக்கம் நீல நிறத்துல தண்ணி தேங்கி நிக்கும், வாத்தெல்லாம் வந்து உக்காரும். பார்க்க ரொம்ப அழகா இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல அம்மாகிட்ட வீடியோ கால்ல இதைக் காட்டினேன். என் வேலையே இந்தக் குட்டையால எவ்வளவு தண்ணி நஷ்டம்னு கணக்குப் போடுறதுதான்னு சொன்னேன். அம்மா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், “ஏன்டி, கெணறு தோண்டி ஊத்து வந்தா நம்ம ஊர்ல சூடம் காட்டுவோம். அங்க தண்ணி வந்ததுக்கா அபராதம் போடுறீங்க?”ன்னாங்க.

அம்மா சொன்னது மாதிரிதான் நானும் முதல்ல யோசிச்சேன். 2017ல சென்னை காஞ்சு கிடந்தப்ப மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரியிலேர்ந்து தண்ணி எடுத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நமக்குக் குழியில நிக்கிற தண்ணின்னா வரவு. ஆனா அது பாறையில வெட்டின குழி. நான் சொல்றது ஆத்து மணல்ல வெட்டின குழி. இது வேற கதை.

குழியில தெரியுற தண்ணி எங்கேர்ந்தும் புதுசா வரல. மணலுக்கு நடுவுல, ஆத்தை நோக்கி மெதுவா நகர்ந்துட்டிருந்த தண்ணி அது. மேல ஒரு பத்தடி மண்ணு மூடியிருந்த வரைக்கும் வெயில் அதைத் தொடல. நீங்க மூடியைத் திறந்துட்டீங்க. இப்ப வெயிலும் காத்தும் நேரா அதுமேல படுது. கொலராடோ காத்துல ஈரமே கிடையாது. துவைச்ச ஜீன்ஸ் ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும். அப்படின்னா குட்டை என்ன ஆகும்னு பாருங்க. மழையால கிடைக்கிறதைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும், ஒரு வருஷத்துக்கு ரெண்டரை அடியிலேர்ந்து மூணு அடி வரைக்கும் தண்ணி ஆவியாப் போயிடும். ஒரு ஏக்கர் குட்டைன்னா வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் லிட்டருக்கு மேல. ஆத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணி அது.

சரி, போகட்டுமே, யாருக்கு என்ன? அங்கதான் கொலராடோவோட தண்ணிச் சட்டம் உள்ள வருது.

இங்க ஆத்துத் தண்ணி முழுக்க ஏற்கெனவே ஆளுக்கு ஆள் எழுதி வெச்சாச்சு. யார் முதல்ல எடுத்துப் பயன்படுத்தினாங்களோ அவங்களுக்கு முதல் உரிமை. நிலம் ஆத்தோரமா இருக்கணும்னுகூட இல்லை, தேதிதான் முக்கியம். 1870ல யூனியன் காலனின்னு ஒரு கூட்டம் வந்து கிரீலிங்கற ஊரை உண்டாக்கி வாய்க்கால் வெட்டுச்சு. 1874 வறட்சியில, ஆத்துல அவங்களுக்கு மேல இருந்த ஃபோர்ட் காலின்ஸ்காரங்க தண்ணியை எடுத்துட்டாங்கன்னு பெரிய தகராறு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1876ல மாநிலம் உருவானப்ப, முதல்ல எடுத்தவருக்கே முதல் உரிமைங்கறதை அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க. இன்னிக்கும் அதுதான் நடக்குது. ஜூலை மாசம் ஆறு வத்தும்போது, 1870கள்ல உரிமை வாங்கின வாய்க்காலுக்குத் தண்ணி பத்தலைன்னா, அவங்க ‘கால்’ போடுவாங்க. ஃபோன் கால் மாதிரியேதான். “எனக்கு வர வேண்டியது வரல, எனக்குப் பின்னாடி வந்தவங்களை நிறுத்து”ன்னு மாநிலத்துக்குச் சொல்றது. உடனே புது உரிமைக்காரங்க மதகை மூடணும்.

ஆத்துலேர்ந்து எடுக்கறவங்களை நிறுத்துறது ஈஸி, மதகை மூடினா போதும். கிணத்துத் தண்ணியை என்ன செய்யுறது? அதுவும் ஆத்தோட தண்ணிதானே, மண்ணுக்கடியில போகுது, அவ்வளவுதான். 1969ல ஒரு சட்டம் போட்டு, ஆத்தோட தொடர்புள்ள கிணறுகளையும் இதே வரிசைக்குள்ள கொண்டு வந்தாங்க. கிணத்துக்காரர் ஒரு வழி பண்ணலாம்: நான் எடுக்கறதால ஆத்துல எவ்வளவு குறையுதோ, அதை வேற இடத்துலேர்ந்து வாங்கி ஆத்துல விட்டுடறேன்னு ஒப்புக்கிட்டா பம்பு ஓடலாம். இதுக்குப் பேரு ஆக்மென்டேஷன் பிளான். நான் ‘ஈட்டுத் திட்டம்’னு சொல்லிக்கறேன். அளவு, நேரம், இடம், மூணும் பொருந்தணும். யாருக்குக் குறையுதோ அவருக்கு மேல, அவருக்குத் தேவைப்படுற நேரத்துல, குறைஞ்ச அளவுக்குத் தண்ணி வரணும்.

இது விளையாட்டில்லைன்னு ஊருக்கே தெரிஞ்சது 2006ல. 2002 வறட்சிக்கு அப்புறம் ஈட்டுத் தண்ணியோட விலை எங்கயோ போயிடுச்சு. 2006 மே மாசம், விதைச்சு முடிச்ச நேரம், போதுமான ஈடு இல்லைன்னு சவுத் பிளாட் ஓரமா 400க்கும் மேற்பட்ட பாசனக் கிணறுகளை நிறுத்தச் சொல்லிட்டாங்க. பயிர் நிலத்துல நிக்குது, கிணத்துல தண்ணி இருக்கு, பம்பு போடக் கூடாது. அந்தக் காலத்து ஆளுங்க இன்னிக்கும் எங்க மீட்டிங்குக்கு வருவாங்க. அந்த வருஷத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ரூமே அமைதியாயிடும்.

இப்ப கிராவல் குழிக்கு வருவோம். குழி தோண்டறவங்க என்ன வாதாடினாங்கன்னா, “நாங்க தண்ணி எடுக்கவே இல்லையே. கல்லுதான் எடுக்கறோம். தண்ணி தானா வந்து நிக்குது.” கேக்க நியாயமாத்தான் இருக்கு. 1988ல கொலராடோ உச்ச நீதிமன்றத்துக்கு இந்த வழக்குகள் போச்சு. ஸிகன் சாண்ட் அண்ட் கிராவல் வழக்கு இதுல ஒண்ணு. எதிர்த்தரப்பு கேஷ் லா பூட்ர் ஆத்துத் தண்ணியைப் பயன்படுத்துறவங்களோட சங்கம். கோர்ட் சொன்னது: நிலத்தடி நீரை வெளிய தெரியுற மாதிரி திறந்துட்டா அது கிணறு. பர்மிட் வேணும், ஆவியாகறதுக்கு ஈடு வேணும். பம்பும் இல்ல, பைப்பும் இல்ல, ஆனா அது கிணறு.

அடுத்த வருஷமே, 1989ல சட்டமன்றம் இதுக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு. 1980 டிசம்பர் 31க்கு முன்னாடி திறந்து கிடந்த தண்ணிப் பரப்புக்கு விலக்கு, அதுக்குப் பிறகு திறந்ததுக்கெல்லாம் ஈடு. அதனாலதான் எங்க ஆபீஸ்ல பழைய ஏரியல் ஃபோட்டோவை வெச்சுக்கிட்டு, இந்தக் குட்டை அப்ப எவ்வளவு பெருசுன்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு இருப்போம். அரை ஏக்கருக்குச் சண்டை நடக்கும்.

கணக்கு எப்படிப் போடுவோம்னு சொல்றேன். கொஞ்சம் நம்பர் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆவியாதல். ஒரு இடத்துல திறந்த தண்ணியிலேர்ந்து வருஷத்துக்கு எவ்வளவு இன்ச் போகும்னு மேப் இருக்கு. அதை மாசவாரியாப் பிரிக்க, ஸ்டேட் இன்ஜினியர் ஆபீஸ் ஒரு அட்டவணை கொடுத்திருக்கு. கடல் மட்டத்துலேர்ந்து 6,500 அடிக்குக் கீழ இருக்கற இடம்னா, ஜனவரியில 3 சதவீதம், ஜூலையில 15 சதவீதம். மே மாசத்துலேர்ந்து செப்டம்பருக்குள்ளயே வருஷத்து ஆவியாதல்ல 65 சதவீதம் முடிஞ்சிடும். அதாவது, ஆத்துல தண்ணிக்கு அடிதடி நடக்கற அதே மாசங்கள்ல. பனிக்காலத்துல குட்டை மேல ஐஸ் மூடிட்டா கணக்கு கிடையாது.

இதுல மழையைக் கழிப்போம். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. குட்டை மேல விழுற மழை முழுசையும் கழிக்க முடியாது. குழி இல்லாம அங்க வெறும் புல்லு இருந்திருந்தா, அந்த மழையில எவ்வளவை அந்தப் புல்லு குடிச்சிருக்குமோ அதை மட்டும்தான் கழிக்கலாம். பொதுவா 70 சதவீதம்னு வெச்சுப்போம். மிச்சம் எப்படியும் ஆத்துக்குப் போயிருக்கும், அதை உங்க வரவுல எழுத முடியாது. காணாமப் போன புல்லுக்குக்கூட இந்தக் கணக்குல ஒரு வரி இருக்கு!

“அப்ப அங்க நின்ன மரத்தையும் சேர்த்துக்கோங்க, அது எவ்வளவு தண்ணி குடிச்சிருக்கும்?”னு புத்திசாலித்தனமா கேக்கறவங்க உண்டு. வெட்டிட்டு வரவு வைக்கலாம்னு. முடியாது. 1974லயே ஷெல்டன் ஃபார்ம்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் கதவை மூடிடுச்சு. ஆர்கன்சா ஆத்தோரமா தண்ணி உறிஞ்சுற மரங்களை அழிச்சு, அதனால மிச்சமான தண்ணி எனக்குன்னு கேட்டாங்க. கிடையாதுன்னுட்டாங்க. கொடுத்திருந்தா ஆத்தோரத்துல ஒரு மரம் மிஞ்சியிருக்காது.

அடுத்து, கல்லோட போற தண்ணி. தண்ணிக்கு அடியிலேர்ந்து அள்ளின கிராவல் ஈரமா லாரியில ஏறும். எடையில 4 சதவீதம் தண்ணின்னு எடுத்துப்போம். 1 லட்சம் டன் வித்தா 4,000 டன் தண்ணி லாரியில போயிடுச்சு. அதாவது சுமார் 3 ஏக்கர் அடி. ஏக்கர் அடின்னா ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அடி உயரத்துக்கு நிக்கற தண்ணி, 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அப்புறம் புழுதி அடங்க ரோட்டுல தெளிக்கிறது. இதெல்லாம் சின்னச் சின்ன வரிகள்.

பெரிய தலைவலி கடைசியில வருது. இன்னிக்கு குட்டையில ஆவியான தண்ணியோட நஷ்டம் இன்னிக்கே ஆத்துல தெரியாது. பக்கத்து வீட்டுல போர் போட்டா உங்க கிணறு அன்னிக்கே இறங்காது இல்லையா, மெதுமெதுவாத்தானே தெரியும்? அதே மாதிரி. குழி ஆத்துலேர்ந்து எவ்வளவு தூரம், மணல் எவ்வளவு வேகமா தண்ணியை விடும், இதையெல்லாம் குளோவர் முறைன்னு ஒரு கணக்குல போட்டா, ஜூலையில போனதுல கொஞ்சம் ஜூலையில, கொஞ்சம் செப்டம்பர்ல, கொஞ்சம் அடுத்த வருஷம் மார்ச்லன்னு ஆறு குறையும். குழியை இன்னிக்கே மூடினாலும் பழைய பாக்கி வந்துட்டே இருக்கும். கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டாலும் ஈஎம்ஐ நிக்காது இல்லையா, அப்படி.

இனி நான் பண்ணின தப்பைச் சொல்றேன். இந்த எபிசோடை எடுக்கறதுக்கே அதுதான் காரணம்.

வேலையில என்னோட ரெண்டாவது வருஷம். ஒரு சின்ன கிராவல் கம்பெனி, பேரு வேண்டாம். மாசா மாசம் அவங்க விற்பனை டன் கணக்கை அனுப்புவாங்க, நான் எக்செல் ஷீட்ல போட்டு, எவ்வளவு ஈடு விடணும்னு சொல்லி, அந்தப் பகுதியோட வாட்டர் கமிஷனருக்கு அனுப்புவேன். வாட்டர் கமிஷனர்னா பெரிய பதவின்னு நினைக்காதீங்க. மாநிலத்தோட ஆளு, ஒரு பிக்கப் வண்டியில வாய்க்கால் வாய்க்காலா சுத்தி அளவு பார்க்கறவர்.

குட்டைப் பரப்புன்னு ஷீட்ல ஒரு கட்டம். அதுல 9 ஏக்கர்னு இருந்துச்சு. ஏப்ரல்ல எடுத்த சர்வே. அந்த வருஷம் டென்வர்ல கட்டட வேலை ஜாஸ்தி, கம்பெனி நல்லா தோண்டுச்சு. விற்பனை டன் ஏறிட்டே போச்சு, நானும் மாசா மாசம் அதை அழகா என்டர் பண்ணினேன். டன் ஏறினா குழி பெருசாகும்ங்கறது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு உறைக்கல. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அஞ்சு மாசமும் 9 ஏக்கர்.

அக்டோபர்ல டிரோன் சர்வே வந்துச்சு. 14 ஏக்கர்.

முதல்ல கம்பெனியை நொந்துக்கிட்டேன், ஏன் சொல்லலைன்னு. திட்டத்துல அவங்களுக்கு 15 ஏக்கர் வரைக்கும் அனுமதி இருந்துச்சு, அதனால அவங்க அளவுல தப்பே பண்ணல. தோண்டறது அவங்க வேலை, அளவு கேக்கறது என் வேலை. நான் கேக்கல. டன் கணக்கை வெச்சு ஒவ்வொரு மாசமும் பரப்பு எவ்வளவு இருந்திருக்கும்னு பின்னாடி போய்ப் போட்டுப் பார்த்தேன். விட்டுப்போனது 5 ஏக்கர் அடி. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. லிட்டர்ல 61 லட்சம். சென்னையில தெருவுக்கு வருமே 12,000 லிட்டர் டேங்கர், அது 500 லாரி. அந்த 500 லாரித் தண்ணியை அந்த சம்மர் பூரா ஆத்துலேர்ந்து எடுத்துட்டு, எடுக்கலைன்னு அஞ்சு தடவை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி என் மனசுல ஓடினதை நேர்மையா சொல்றேன். ஆத்துல ஓடுறதோட ஒப்பிட்டா 5 ஏக்கர் அடி ஒண்ணுமே இல்லை. அளவு மானியில தெரியக்கூட தெரியாது. அக்டோபர்லேர்ந்து 14 ஏக்கர்னு மாத்திட்டா, யாரும் பழைய ஷீட்டைத் திறந்து பார்க்க மாட்டாங்க. இதை நான் யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிச்சேன்.

காலையில என் சீனியர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் திட்டல. “இந்த ஆத்தோரத்துல இந்த மாதிரி எத்தனை குழி இருக்குன்னு எண்ணியிருக்கியா?”ன்னு மட்டும் கேட்டார். எண்ண முடியாது. டென்வர்லேர்ந்து கிரீலி வரைக்கும் சாட்டிலைட் மேப்ல பாருங்க, ஆத்தோட ரெண்டு பக்கமும் நீலச் சதுரமா ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். ஒவ்வொருத்தரும் 5 ஏக்கர் அடிதானேன்னு நினைச்சா என்ன ஆகும்னு அவர் சொல்லல, எனக்கே புரிஞ்சிடுச்சு.

அஞ்சு மாசத்து ஷீட்டையும் திருத்தி வாட்டர் கமிஷனருக்கு அனுப்பினேன். கம்பெனி ஓனருக்கு ஃபோன் பண்ணி, கூடுதலா தண்ணி வாங்கணும்னு சொன்னேன். அவர் சொன்னதை இங்க அப்படியே சொல்ல முடியாது.

தண்ணி எங்க வாங்கறது? ரெண்டு வழி. ஒண்ணு, ஒரு வாய்க்கால் கம்பெனியோட பங்கை விவசாயிகிட்ட வாங்கறது. அப்ப அந்த நிலம் காஞ்சிடும். அதுலயும், பயிர் உண்மையில குடிச்ச அளவு மட்டும்தான் மாத்த முடியும், வாய்க்கால்ல ஓடின முழுசும் இல்லை. இன்னொரு வழி, நகரத்தோட கழிவுநீர். ஆமாம், நிஜமாவே. மலைக்கு மேற்கால இருந்து டனல் வெட்டி டென்வர் பக்கம் தண்ணி கொண்டு வர்றாங்க. ராபர்ட்ஸ் டனல் மட்டுமே 37 கிலோமீட்டர் நீளம். இது இந்த ஆத்துக்குச் சொந்தமில்லாத தண்ணி. அதனால கொண்டு வந்தவங்க அதைத் தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வீடுகள்ல பயன்படுத்தி, சுத்திகரிச்சு ஆத்துல விட்டதும், அந்த அளவை இன்னொருத்தருக்குக் குத்தகைக்கு விடலாம். கிராவல் கம்பெனிங்க பலரும் இதைத்தான் வாங்கறாங்க. யாரோ ஒருத்தர் டென்வர்ல குளிச்ச தண்ணி, இங்க குட்டையில ஆவியான தண்ணிக்கு ஈடு.

எங்க ஓனரும் அப்படித்தான் வாங்கினார். நவம்பர்ல விட்டாங்க. கணக்கு நேராச்சு. குளோவர் கணக்குப்படி கொஞ்சம் நஷ்டம் இன்னும் ஆத்துக்குப் போய்ச் சேரவே இல்லை, அதுக்கு இது சரியான ஈடுதான். ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல ஏற்கெனவே குறைஞ்சு போனது?

டிசம்பர்ல தண்ணி உரிமைக்காரங்களோட ஒரு மீட்டிங். கீழ்வாய்க்கால்ல சோளமும் பீட்ரூட்டும் போடுற ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும். அந்த சம்மர்ல கால் போட்ட வாய்க்கால் அவங்களோடது. நான் எழுந்து, என் தப்பு, இவ்வளவு விட்டுப்போச்சு, நவம்பர்ல ஈடு விட்டாச்சுன்னு சொன்னேன். அவர் கோபப்படல. ஷீட்டைக் கையில வாங்கி, கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு, மாசத்தை எல்லாம் விரலால தொட்டுப் பார்த்தார். “நவம்பர்ல எனக்குப் பயிர் இல்லையேம்மா”ன்னார். ‘அம்மா’ன்னு சொல்லல, அது நான் சேர்த்தது. அந்தக் குரல் அப்படி இருந்துச்சு.

நான் ஸாரி சொன்னேன். வேற என்ன சொல்றது? இனிமே மாசா மாசம் பரப்பை அளந்துதான் கணக்கு அனுப்புவோம்னு சொன்னேன். அவர் தலையாட்டிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தார்.

இப்ப அந்தக் குழியில இன்னும் ரெண்டு, மூணு வருஷத்துக்குத்தான் கல்லு இருக்கு. அதுக்கப்புறம்? கல்லு தீர்ந்ததும் மெஷின் போயிடும், லாரி போயிடும், கம்பெனியே போயிடலாம். குட்டை போகாது. ஒவ்வொரு ஜூலையிலும் 15 சதவீதம் போயிட்டே இருக்கும். 2010ல மாநிலத்தோட சுரங்க மறுசீரமைப்புத் துறை இதைப் பத்தி கிராவல்காரங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்புச்சு: நிலத்தடி நீரைத் திறந்து வெச்சிருந்தா, நீங்க இல்லாமப் போனாலும் அந்தப் பொறுப்புக்கு யார், எந்தப் பணத்துலன்னு முன்னாடியே காட்டணும்னு.

ஓனருக்கு மூணு வழி இருக்கு. மண்ணைக் கொட்டி மூடறது. அவ்வளவு மண்ணுக்கு எங்க போறது, லாரிச் செலவு என்ன ஆகும்! ரெண்டாவது, சுத்தி கீழ்ப்பாறை வரைக்கும் அகழி வெட்டி, பென்டோனைட் களிமண் கலவையால சுவர் எழுப்பறது. உள்ள நிலத்தடி நீர் வராது, குழி ஒரு தொட்டியாகிடும். அதுக்கு நல்ல விலை கிடைக்கும். டென்வர் மாதிரி நகரங்களே இப்படிப் பழைய கிராவல் குழிகளை வாங்கித் தண்ணி சேமிக்கிறாங்க. ஆனா 14 ஏக்கர் சின்னக் குழி, சுவர் கட்டற செலவுக்கு யாரும் வாங்க வரணும். மூணாவது, குட்டையை அப்படியே விட்டுட்டு, எப்பவும் ஈடு விடறதுக்கான தண்ணியைச் சொந்தமா வாங்கி, தண்ணி நீதிமன்றத்துல நிரந்தரத் திட்டம் போடறது. எப்பவும்னா, நிஜமாவே எப்பவும்.

போன வாரம் அவர் ஃபோன் பண்ணினார். மூணாவது வழிக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டார். எத்தனை வருஷத்துக்குன்னு போடட்டும்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “முதல்ல சுவருக்கு கொட்டேஷன் வாங்கு”ன்னார். வாங்கிட்டிருக்கேன். நாளைக்கு மாசத்தோட முதல் தேதி, காலையில டிரோன்காரர் வர்றார்.